கரிமக் கணக்கும் தூத்துக்குடிக் கரையும்: முதுநிலை மாணவர்களுக்கான வழிகாட்டி

1. துறையின் எல்லை

காலநிலை மாற்றம் குறித்த முதுநிலைப் படிப்புகள் இரண்டு பெரும் பணிகளைச் சுற்றி அமைகின்றன. புவியை வெப்பமாக்கும் வளிகள் வளிமண்டலத்தில் சேர்வதைக் குறைப்பதும், சேர்ந்துவிட்டவற்றைத் திரும்ப உறிஞ்சிப் பாதுகாப்பதும் தணிப்பு எனப்படும்; ஏற்கெனவே நேர்ந்துவிட்ட, இனியும் நேரவிருக்கும் மாற்றங்களுக்கு ஏற்ப வாழ்வையும் தொழிலையும் அமைத்துக்கொள்வது தகவமைப்பு எனப்படும். 2023 டிசம்பர் 17, 18 ஆகிய நாள்களில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை கொட்டித் தாமிரபரணி கரைபுரண்டபோது, வடிகால், முன்னறிவிப்பு, உப்பளத் தொழிலாளர்களின் வருவாய்க் காப்பு ஆகியவை பற்றி எழுந்த கேள்விகள் தகவமைப்பைச் சேர்ந்தவை. அதே கரையில் இயங்கும் அனல் மின் நிலையங்கள், யூரியா ஆலை, சோடா ஆலை, துறைமுகம் ஆகியவற்றின் உமிழ்வை எப்படி அளப்பது, எப்படிக் குறைப்பது என்பவை தணிப்பைச் சேர்ந்தவை.

கரிம மேலாண்மை தணிப்புக்குக் கணக்குப்பிள்ளையாக இருக்கிறது. எந்தச் செயலால் எவ்வளவு கரியமில வாயு, அதாவது கார்பன் டை ஆக்சைடு, வெளியேறுகிறது என்று அளந்து, குறைப்புக்கு இலக்கு வைத்து, குறைத்ததை மெய்ப்பித்து, உரியவர் பெயரில் பதிவது வரையிலான வேலை முழுவதும் இதில் அடங்கும். மீத்தேன், நைட்ரஸ் ஆக்சைடு போன்ற பிற வளிகளும் உள்ளன என்பதால், அவை அனைத்தும் ஒரே அலகுக்கு மாற்றப்படுகின்றன. நூறாண்டுக் கணக்கில் ஒரு டன் மீத்தேன் ஏறத்தாழ 28 டன் கரியமில வாயுவுக்கும், ஒரு டன் நைட்ரஸ் ஆக்சைடு ஏறத்தாழ 270 டன்னுக்கும் சமமான வெப்பத்தைத் தேக்குகின்றன. இவ்வாறு மாற்றிச் சொல்லப்படும் அளவே கரியமில வாயுச் சமானம் எனப்படுகிறது.

ஒரு மாணவர் எந்தப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தாலும், படிப்பின் முடிவில் ஒரு டன்னைப் பற்றி நான்கு கேள்விகளுக்கு விடை சொல்லும் திறனைப் பெற்றிருக்க வேண்டும்: அது யாருடைய எல்லைக்குள் வெளியேறுகிறது, அது குறைந்தது என்றால் எதனோடு ஒப்பிட்டுக் குறைந்தது, குறைந்தது எவ்வளவு காலம் குறைந்தே இருக்கும், அந்தக் குறைப்பு யார் பெயரில் எழுதப்படுகிறது. இந்நான்கையும் சில கிலோமீட்டர் தொலைவுக்குள் நேரில் பார்த்துக் கற்கக்கூடிய இடமாகத் தூத்துக்குடி அமைந்திருக்கிறது.

2. முதல் கேள்வி: எல்லை

நிறுவனங்களின் உமிழ்வு மூன்று வட்டங்களாகப் பிரித்துக் கணக்கிடப்படுகிறது. நிறுவனம் தானே எரிக்கும் எரிபொருளின் உமிழ்வு முதல் வட்டம்; விலைக்கு வாங்கும் மின்சாரத்தின் பின்னால் உள்ள உமிழ்வு இரண்டாம் வட்டம்; நிறுவனத்தின் செயலால் பிறரிடம் நிகழும் உமிழ்வு மூன்றாம் வட்டம். வ.உ.சிதம்பரனார் துறைமுகத்தை எடுத்துக்கொண்டால், துறைமுக ஆணையத்தின் இழுவைக் கப்பல்களும் வாகனங்களும் முதல் வட்டத்திலும், அலுவலகங்களுக்கும் விளக்குகளுக்கும் வாங்கும் மின்சாரம் இரண்டாம் வட்டத்திலும், வந்துபோகும் கப்பல்கள், தனியார் இயக்கும் சரக்குப்பெட்டக முனையங்கள், வாயிலில் காத்திருக்கும் லாரிகள் ஆகியவை மூன்றாம் வட்டத்திலும் வரும்.

எல்லையை எங்கே வரைகிறோம் என்பதைப் பொறுத்து ஒரே துறைமுகம் தூய்மையானதாகவும் மாசு மிக்கதாகவும் தோன்றக்கூடும் என்பதை ஒரு சிறு கணக்கால் உணரலாம். நூறு லாரிகள் எஞ்சினை அணைக்காமல் இரண்டு மணி நேரம் காத்திருந்து, மணிக்கு இரண்டரை லிட்டர் டீசலை எரிப்பதாகக் கொண்டால், 500 லிட்டர் எரிகிறது. ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் ஏறத்தாழ 2.68 கிலோ கரியமில வாயு வெளியேறும் என்பதால், அந்தக் காத்திருப்பின் விலை 1.34 டன். துறைமுகம் தன் சொந்த உமிழ்வை மட்டும் வெளியிட்டால் இந்த டன் எங்கும் எழுதப்படாது. ஆனால் வாயில் நடைமுறையைச் சீராக்கி இதைக் குறைக்கும் ஆற்றல் துறைமுகத்திடமே பெரிதும் இருக்கிறது. எனவே சட்டப்படி யாருடையது என்பதோடு, மாற்றும் ஆற்றல் யாரிடம் உள்ளது என்பதையும் எல்லை வரையும் மாணவர் சேர்த்துப் பார்க்க வேண்டும். பெருந்துறைமுகங்களுக்காக 2023-இல் ஒன்றிய அரசு வெளியிட்ட ஹரித் சாகர் வழிகாட்டு நெறிகள், கையாளும் ஒவ்வொரு டன் சரக்குக்குமான உமிழ்வை 2030-க்குள் 30 விழுக்காடும் 2047-க்குள் 70 விழுக்காடும் குறைக்கச் சொல்கின்றன; அந்த விழுக்காட்டுக்குப் பொருள் தருவது எல்லைதான்.

3. இரண்டாம் கேள்வி: ஒப்பீடு

ஒரு திட்டம் இல்லாதிருந்தால் என்ன நடந்திருக்கும் என்ற கற்பிதக் கணக்கு அடிப்படை நிலை எனப்படும். குறைப்பு என்பது எப்போதும் அடிப்படை நிலைக்கும் உண்மை நிலைக்கும் இடையிலான வேறுபாடு. ஆகவே அடிப்படையைத் தவறாக வைத்தால் விடையும் தவறாகிவிடும்.

துறைமுகங்களில் பரவிவரும் கரை மின்சாரம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. கப்பல் தளத்தில் நிற்கும்போது தன் துணை எஞ்சின்களை நிறுத்திவிட்டுக் கரையிலிருந்து மின்சாரம் எடுப்பதே இதன் ஏற்பாடு. துணை எஞ்சின் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஏறத்தாழ 0.21 கிலோ எரிபொருள் எரிக்கிறது, அது 0.67 கிலோ கரியமில வாயுவாகிறது. மத்திய மின்சார ஆணையம் ஆண்டுதோறும் வெளியிடும் அடிப்படைத் தரவுகளின்படி இந்திய மின் தொகுப்பின் சராசரி உமிழ்வு யூனிட்டுக்கு 0.7 கிலோவை ஒட்டியே இருக்கிறது. ஆகவே தொகுப்பு மின்சாரத்தை அப்படியே கப்பலுக்குக் கொடுத்தால், துறைமுகத்தை அடுத்து வாழும் மக்களின் காற்று தூய்மையடையும். கரியமில வாயுவோ குறைவதே இல்லை. காற்றாலை அல்லது சூரிய மின்சாரத்தோடு இணைத்தால்தான் இரண்டு நன்மைகளும் சேர்ந்து கிட்டும்.

ஹைட்ரஜனுக்கும் இதே பாடம் பொருந்தும். தூத்துக்குடித் துறைமுகத்தில் 2025 செப்டம்பரில் மணிக்கு 10 கன மீட்டர் உற்பத்தித் திறன் கொண்ட முன்னோடிப் பசுமை ஹைட்ரஜன் நிலையம் தொடங்கி வைக்கப்பட்டது. எடைக் கணக்கில் அது மணிக்கு ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைவு. நீரை மின்னால் பகுத்து ஒரு கிலோ ஹைட்ரஜன் எடுக்க ஏறத்தாழ 55 யூனிட் மின்சாரம் வேண்டும். அதைத் தொகுப்பிலிருந்து எடுத்தால் 38 கிலோவுக்கு மேல் கரியமில வாயு வெளியேறும். இயற்கை எரிவாயுவிலிருந்து வழக்கமான முறையில் தயாரித்தாலே 10 கிலோ அளவில்தான் வெளியேறும். ஒரு கிலோ ஹைட்ரஜனுக்கு 2 கிலோவுக்கு மேற்படாத உமிழ்வு இருந்தால் மட்டுமே பசுமை எனலாம் என்று இந்திய அரசு 2023-இல் வரையறுத்ததன் காரணம் இதுவே. முல்லக்காட்டிலும் கயத்தாற்றிலும் 1980-களிலேயே காற்றாலைகளைக் கண்ட இந்த மாவட்டத்துக்கு அந்த வரையறையை எட்டும் இயற்கை வளம் உண்டு. எட்டியதா என்பதை மணிக்கணக்கான மின் தரவைக் கொண்டு சரிபார்ப்பவரே இத்துறையில் தேவைப்படுகிறார்.

4. மூன்றாம் கேள்வி: காலம்

தூத்துக்குடியை உலகக் கரிம மேலாண்மை வரைபடத்தில் இடம்பெறச் செய்தது ஒரு சோடா ஆலை. தூத்துக்குடி ஆல்கலி கெமிக்கல்ஸ் நிறுவனத்தில், நிலக்கரிக் கொதிகலனின் புகையிலிருந்து கரியமில வாயுவைப் பிரித்தெடுக்கும் அமைப்பு 2016-இல் இயங்கத் தொடங்கியது. ஐ.ஐ.டி. கரக்பூரில் படித்த இளைஞர்கள் தொடங்கிய கார்பன் கிளீன் சொல்யூஷன்ஸ் நிறுவனம் இதற்கான தொழில்நுட்பத்தை அளித்தது. புகை, அமீன் வகைக் கரைசலின் ஊடாகச் செலுத்தப்படும்போது கரியமில வாயு மட்டும் கரைசலில் பிடிபடுகிறது. கரைசலைச் சூடாக்கினால் அது தூய வாயுவாகப் பிரிந்து வருகிறது. ஆண்டுக்கு 60,000 டன் அளவுக்குப் பிடிக்கும் வகையில் திட்டமிடப்பட்ட இவ்வமைப்பு அரசு மானியம் இன்றி நிறுவப்பட்டதால் உலகக் கவனத்தைப் பெற்றது.

பிடித்த வாயு சோடா உப்பாகிறது. இப்பகுதியின் உப்பளங்களில் விளையும் சோடியம் குளோரைடும், அம்மோனியாவும், கரியமில வாயுவும் நீரில் சேரும்போது சோடியம் பைகார்பனேட் படிகிறது. அதைச் சூடாக்கினால் சோடா உப்பு கிடைக்கிறது. மூலக்கூறு எடைப்படி 106 டன் சோடா உப்பில் 44 டன் கரியமில வாயு அடங்கியிருக்கும்; அதாவது ஒரு டன்னுக்கு ஏறத்தாழ 0.415 டன்.

மாணவர் இங்கேதான் நிதானிக்க வேண்டும். அந்தச் சோடா உப்பு கண்ணாடி ஆலைக்குச் சென்றால், உலையில் மணலோடு சேர்ந்து உருகும்போது அதில் அடங்கிய கரியமில வாயு முழுவதும் மீண்டும் காற்றில் கலந்துவிடும். பக்கத்திலேயே ஸ்பிக் நிறுவனம் தயாரிக்கும் யூரியாவின் கதையும் இதுவே: ஒரு டன் யூரியா ஏறத்தாழ 0.73 டன் கரியமில வாயுவை உள்வாங்குகிறது. வயலில் இட்ட சில நாள்களில் அது வெளியேறுவதோடு, நைட்ரஸ் ஆக்சைடும் உருவாகிறது. ஆகவே பிடித்துப் பயன்படுத்துதல் வேறு, பிடித்து நிலத்தடியில் நெடுங்காலம் சேமித்தல் வேறு. முன்னது பயனற்றது என்று இதற்குப் பொருளில்லை. சோடா ஆலைக்குத் தேவையான வாயுவுக்காகத் தனியே எரிபொருள் எரிப்பது தவிர்க்கப்படுகிறது. ஆனால் தவிர்ப்பு என்று எழுத வேண்டியதைச் சேமிப்பு என்று எழுதினால் கணக்கு பிழையாகிவிடும்.

அளவையும் சேர்த்து எண்ண வேண்டும். தூத்துக்குடி அனல் மின் நிலையம் 210 மெகாவாட் திறன் கொண்ட ஐந்து அலகுகளாகக் கட்டப்பட்டது. நிலக்கரி மின்சாரம் யூனிட்டுக்கு ஏறத்தாழ ஒரு கிலோ கரியமில வாயுவை வெளியிடுவதால், ஓர் அலகு முழுத்திறனில் ஓடினால் ஒரு நாளில் 5,000 டன் வெளியேறும்; சோடா ஆலை ஓர் ஆண்டில் பிடிப்பதை அது 12 நாள்களில் வெளியிட்டுவிடும். பிடிப்புத் தொழில்நுட்பத்தைக் கற்கும் மாணவர், நிலக்கரியை எரிக்காமல் இருப்பதற்கான வழிகளையும் அதே அக்கறையோடு கற்க வேண்டியதன் அவசியத்தை இந்த எண்கள் உணர்த்துகின்றன.

கடலிலும் இதே கேள்வி காத்திருக்கிறது. முத்துச்சிப்பி விளையும் கடலடிப் பாறைத்திட்டுகளை இக்கரை மக்கள் பார் என்பர். இங்கு இயற்கை முத்துக்குளித்தல் கடைசியாக 1961-இல் நடந்தது; 1973-இல் மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் தூத்துக்குடி நிலையத்தினர் சிப்பியில் முத்தை வளர்த்துக் காட்டினர். ஓடு பெரும்பாலும் கால்சியம் கார்பனேட் ஆதலால், சிப்பி வளர்ப்பைக் கரிமச் சேமிப்பாகக் காட்டிப் பணமாக்கலாம் என்ற யோசனை உலகின் பல கரைகளில் எழுவதுண்டு. கடல்நீரில் கரைந்த பைகார்பனேட்டிலிருந்து ஓடு உருவாகும் வேதிவினையைப் பார்த்தால் அதன் பிழை விளங்கும்: அவ்வினை கரியமில வாயுவை வெளியிடும் வினை. சிப்பியின் மதிப்பு முத்திலும் கடல்வளத்திலும் மீனவர் வாழ்விலும் இருக்கிறது. கரிம வரவில் அதைச் சேர்க்க இயலாது.

கடற்புல் படுகைகளும், பழையகாயல், புன்னைக்காயல் பகுதிகளில் தாமிரபரணி முகத்துவாரத்தில் வளரும் அலையாத்திக் காடுகளும் அவ்வாறல்ல. அவற்றின் வேர்களும் சருகுகளும் காற்றில்லாச் சேற்றில் புதைந்து நீண்ட காலம் மட்காமல் இருப்பதால், அங்கே கரிமம் மெய்யாகவே சேர்கிறது. இதுவே நீலக் கரிமம் எனப்படுகிறது. இழுவை மடிகள் கடலடியைக் கிளறினாலோ, காடு அழிக்கப்பட்டாலோ, சேர்ந்தது கலைந்துவிடும். ஆகவே இங்கே காலம் என்பது பாதுகாப்பைப் பொறுத்தது.

5. நான்காம் கேள்வி: யார் பெயரில்

ஒரு டன் குறைப்பை அளந்து, மூன்றாம் தரப்பு சரிபார்த்து, பதிவேட்டில் ஏற்றி விற்கத்தக்கதாக்கினால் அது கரிம வரவு எனப்படும். ஸ்பிக் வளாக நீர்த்தேக்கத்தில் 2022-இல் தொடங்கப்பட்ட 25.3 மெகாவாட் மிதக்கும் சூரிய மின் நிலையத்தைப் பயிற்சிக்காக எடுத்துக்கொள்ளலாம். ஆண்டின் 8,760 மணி நேரத்தில் சராசரியாக 19 விழுக்காடு திறன் பயன்படுவதாகக் கொண்டால், ஏறத்தாழ 42,000 மெகாவாட் மணி மின்சாரம் கிடைக்கும், தொகுப்பின் 0.7 என்ற காரணியால் பெருக்கினால், தவிர்க்கப்படும் உமிழ்வு ஆண்டுக்கு 29,500 டன் அளவில் வரும். இத்தகைய நிலையம் எதிலும், மின்சாரத்தைப் பயன்படுத்தும் ஆலை தன் இரண்டாம் வட்டத்தில் இந்தக் குறைவைக் காட்டிவிட்டு, அதே டன்களை வேறொருவருக்கு வரவாக விற்கவும் செய்தால், ஒரு குறைப்பு இரு கணக்குகளில் ஏறிவிடும். இரட்டைக் கணக்கு எனப்படும் இப்பிழையைக் கண்டுபிடிப்பது சரிபார்ப்பாளரின் முதன்மையான பணி.

யார் பெயரில் என்ற கேள்விக்கு மக்கள் சார்ந்த பக்கமும் உண்டு. தாமிர உருக்காலைக்கு எதிரான போராட்டத்தின்போது 2018 மே மாதத்தில் காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் உயிரிழந்த ஊர் இது. இவ்வூர் மக்கள் ஒரு தொழில்திட்டத்தின் நன்மை தீமைகளைப் புள்ளிவிவரத்தை மட்டும் வைத்து ஏற்றுக்கொள்வார்கள் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. அலையாத்தியை நட்டுக் கரிம வரவு ஈட்டும் திட்டம் ஒன்று வந்தால், அந்தக் காயலில் மீன்பிடிப்பவரின் உரிமை என்னவாகும், வருவாயில் அவர் பங்கு எவ்வளவு, ஒப்புதல் எப்படிப் பெறப்பட்டது என்பவை கணக்கின் உள்ளேயே இடம்பெற வேண்டும்.

6. எந்தப் படிப்பு, எந்த வழி

இத்துறைக்கு ஒரே வாயில் இல்லை; இளநிலைப் பட்டத்தைப் பொறுத்து வழி மாறும்.

பொறியியல் பட்டதாரிகள் சுற்றுச்சூழல், வேதி, ஆற்றல் அல்லது கடல்சார் பொறியியலில் முதுநிலை சேரலாம். ஐ.ஐ.டி.களுக்குக் கேட் தேர்வும், தமிழ்நாட்டுக் கல்லூரிகளுக்குச் சீட்டா பி.ஜி. தேர்வும் நுழைவாயில்கள். கரியமில வாயுப் பிடிப்பில் ஆழ விரும்புவோர், ஒன்றிய அறிவியல் தொழில்நுட்பத் துறையின் ஆதரவில் ஐ.ஐ.டி. பம்பாயிலும் பெங்களூரு ஜவாஹர்லால் நேரு உயர் ஆய்வு மையத்திலும் இயங்கும் தேசிய மையங்களின் ஆய்வுகளைத் தொடர்ந்து படிக்க வேண்டும்.

அறிவியல் பட்டதாரிகளுக்கு, மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் ஆழ்வார்குறிச்சி ஸ்ரீ பரமகல்யாணி சுற்றுச்சூழல் அறிவியல் மையமும், சியூஇடி பி.ஜி. தேர்வின் வழியாகப் புதுச்சேரிப் பல்கலைக்கழகமும், காலநிலை அறிவியலையும் கொள்கையையும் சேர்த்துக் கற்பிக்கும் டெல்லி டெரி உயர் ஆய்வு நிறுவனமும் உள்ளன. மீன்வளப் பட்டதாரிகள் 1977 முதல் இயங்கும் தூத்துக்குடி மீன்வளக் கல்லூரியில் நீர்வாழ் சுற்றுச்சூழல் மேலாண்மையைத் தேர்ந்தெடுக்கலாம். பொருளியல், வணிகவியல் படித்தோருக்குச் சென்னை பொருளியல் பள்ளியும், சமூக அறிவியல் நாட்டம் உடையோருக்கு டாட்டா சமூக அறிவியல் நிறுவனமும் பொருத்தமானவை. அயல்நாட்டில், கரிம மேலாண்மைக்கென்றே தனிப் பட்டம் வகுத்த முன்னோடிகளுள் எடின்பரோ பல்கலைக்கழகம் ஒன்று. ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவர்கள் அத்தகைய படிப்புக்குத் தமிழ்நாடு அரசின் அண்ணல் அம்பேத்கர் அயலக உயர்கல்வி உதவித்தொகையை நாடலாம்.

பட்டத்தின் பெயரைக் காட்டிலும் பாடத்திட்டமே முக்கியம் என்பதால், சேருமுன் ஐந்து பகுதிகள் அதில் உள்ளனவா என்று பார்க்க வேண்டும்:

• காலநிலை அறிவியலின் அடிப்படையும், காலநிலை மாற்றத்துக்கான அரசுகளுக்கிடையிலான குழுவின் (ஐ.பி.சி.சி.) 2006 வழிகாட்டி முறைப்படி உமிழ்வுப் பட்டியல் தயாரிக்கும் பயிற்சியும்;
• ஒரு பொருளைத் தோற்றம் முதல் கழிவு வரை தொடரும் வாழ்க்கைச் சுழற்சி மதிப்பீடு;
• ஆற்றல் தணிக்கை, அதாவது ஆலையில் மானிகளோடு செய்யும் நேரடி அளவீடு;
• கரிமச் சந்தை, சட்டம், சரிபார்ப்பு நடைமுறை;
• புள்ளியியலும், பிழை வரம்பைக் கணக்கிடும் முறையும்.

இவற்றுள் கடைசிப் பகுதி பல பாடத்திட்டங்களில் மெலிந்திருக்கும். அதை மாணவர் சொந்த முயற்சியால் நிரப்பிக்கொள்ள வேண்டும்.

7. ஆய்வேட்டுத் தலைப்பும் களமும்

நல்ல ஆய்வேடு சிறிய எல்லைக்குள் முழுமையான கணக்கைத் தருவது. கரை மின்சாரத்தால் ஒரு சரக்குத் தளத்தில் ஏற்படும் நிகரக் குறைப்பு, உப்பளங்களில் டீசல் பம்புகளைச் சூரிய பம்புகளாக மாற்றுவதன் கணக்கு, விசைப்படகுகள் ஒரு கிலோ மீனுக்கு எரிக்கும் டீசல், பழையகாயல் அலையாத்திச் சேற்றின் கரிம அளவு ஆகியவை ஓர் ஆண்டுக்குள் முடிக்கத்தக்கவை.

அனுமதிகளுக்கான காலத்தை முன்கூட்டியே ஒதுக்க வேண்டும். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சூழ்ந்த பகுதி 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா. அங்கே மாதிரி எடுக்க வனத்துறையின் எழுத்துமூல அனுமதி வேண்டும். துறைமுகத்துக்குள் நுழைய அனுமதிச் சீட்டும், ஆலைத் தரவுக்கு மறைகாப்பு ஒப்பந்தமும் தேவைப்படலாம். கடலாய்வுக்குத் தூத்துக்குடியிலேயே உள்ள சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனத்தின் அனுபவம் பெருந்துணையாகும். அரித்துச் சுருங்கிய வான் தீவைக் காக்கச் செயற்கைப் பவளத்திட்டு அமைப்புகள் கடலில் இறக்கப்பட்டது அந்நிறுவனத்தின் ஆய்வு வழிகாட்டலோடுதான். சங்குகுளி தொழிலாளர்களுக்குக் கடலடியைப் பற்றி உள்ள அறிவு எந்த வரைபடத்திலும் இல்லை. அவர்களைக் கூலிக்கு அமர்த்துவதோடு நிறுத்தாமல், அவர்கள் தந்த தகவலை ஆய்வேட்டில் உரிய முறையில் பதிவது அறம்.

8. வேலைவாய்ப்பும் சட்டச் சூழலும்

2070-க்குள் நிகரச் சுழிய உமிழ்வை எட்டுவதாக இந்தியா 2021-இல் கிளாஸ்கோவில் அறிவித்தது. மொத்த உள்நாட்டு உற்பத்தியின் ஒவ்வோர் அலகுக்குமான உமிழ்வை 2005-ஐ ஒப்பிட 2030-க்குள் 45 விழுக்காடு குறைப்பதாக 2022-இல் உறுதியளித்தது. அந்த ஆண்டின் ஆற்றல் சேமிப்புத் திருத்தச் சட்டத்தைத் தொடர்ந்து, 2023 ஜூனில் கரிம வரவு வணிகத் திட்டம் அறிவிக்கப்பட்டது. சிமெண்ட், அலுமினியம், உரம், துணி உள்ளிட்ட ஒன்பது தொழில்கள் அதன் தொடக்கப் பட்டியலில் இடம்பெற்றன. அனல் மின் நிலையங்கள் இடம்பெறவில்லை. பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட முதல் 1,000 நிறுவனங்கள் தம் சுற்றுச்சூழல் நிலையை வெளியிட வேண்டும் என்று செபி விதித்திருக்கிறது. இரும்பு, அலுமினியம், உரம் முதலிய பொருள்களுக்கு ஐரோப்பிய ஒன்றியம் எல்லையில் கரிமக் கட்டணம் விதிக்கும் முறை 2026 ஜனவரியில் முழு நடைமுறைக்கு வந்தது. இவை ஒவ்வொன்றும் கணக்கிடுபவர், சரிபார்ப்பவர், திட்டம் வகுப்பவர் என்ற மூவகைப் பணிகளை உருவாக்குகின்றன. மாநில அளவில் தமிழ்நாடு பசுமைக் காலநிலை நிறுவனமும் முதலமைச்சரின் பசுமைப் புத்தாய்வுத் திட்டமும் இளம் வல்லுநர்களுக்கு இடம் தருகின்றன.

9. முதல் பருவத்துக்கான பயிற்சி

சேர்ந்த முதல் பருவத்திலேயே மாணவர் தம் ஊரில் உள்ள ஓர் ஐஸ் ஆலையையோ, உப்பளத்தையோ, கல்லூரி விடுதியையோ தேர்ந்தெடுத்து, ஓராண்டு மின் கட்டணச் சீட்டுகளையும் டீசல் ரசீதுகளையும் பெற்று, எல்லை, ஒப்பீடு, காலம், பெயர் ஆகிய நான்கு தலைப்புகளில் ஒரு கணக்கு எழுத வேண்டும். ஒவ்வோர் எண்ணுக்கும் அருகில் அது அளந்ததா, ரசீதிலிருந்து எடுத்ததா, ஊகித்ததா என்று குறித்து, அந்தக் கணக்கை அவ்விடத்தின் உரிமையாளரிடமும் தொழிலாளர்களிடமும் தமிழில் விளக்கி, அவர்கள் சுட்டும் பிழைகளைத் திருத்த வேண்டும். ஊரார் சரிபார்க்கக்கூடிய கணக்கை எழுதப் பழகியவர், பின்னாளில் பெரிய நிறுவனத்தின் அறிக்கையைக் கையாளும்போதும், தாம் விரும்பும் திட்டத்தின் மதிப்பையே தம் எண் குறைத்துக் காட்டினாலும் அதை மறைக்காமல் எழுதும் துணிவைப் பெற்றிருப்பார். தணிப்பு என்ற பெயரில் உலகெங்கும் செலவிடப்படும் பணமும் உழைப்பும் உரிய பயனைத் தருவதற்கு அந்தத் துணிவே இன்றியமையாதது.